விருத்தாசலத்தைத் தாண்டும்வரை வாய் திறக்கக் கூடாது

எங்கள் குழுவில் ஓடுகிறவர்கள் மூன்று பேர். ஓட்டுகிறவன் நான் ஒருவன். பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலில் காலை நனைத்துவிட்டு, பதினைந்து நாள் ஓடி, கோழிக்கோட்டில் அரபிக் கடலில் காலை நனைப்பது என்று திட்டம். அவர்களுக்குப் பின்னால் ஆம்னி வண்டியை உருட்டிக்கொண்டு போய், வாழைப்பழமும் உப்புத் தண்ணீரும் நீட்டுவது என் வேலை. பதினோரு வருஷம் வெளிநாட்டில், தம்மாமில் வண்டி ஓட்டியவன் நான். ஊருக்குத் திரும்பி விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் கடை வைத்தேன். மனிதர்களை ஓட விட்டுப் பின்னால் போனது இதுதான் முதல் தடவை.

எங்கள் தலைவி அன்புக்கரசி டீச்சர். ஸ்கூலில் பி.டி. ஆசிரியை. விசில் இல்லாமலேயே விசில் அடிக்கிற குரல். அடுத்தவர் நெய்வேலி கார்முகில், கம்ப்யூட்டர் வேலை, இருபத்தேழு வயசு. நன்றாக ஓடுவார், அதைவிட நன்றாகச் சாப்பிடுவார், சிரிப்பு வந்தால் மட்டும் அடக்கத் தெரியாது. மூன்றாமவர் தேவநாதன் சார். ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் மேனேஜர், நாற்பத்தெட்டு வயசு, என் ஊர்க்காரர். இந்தக் கதை அவருடையது.

இரண்டாம் நாள்தான் இருப்பதிலேயே நீளமான நாள். காலையில் சேத்தியாத்தோப்பிலிருந்து விருத்தாசலம், சாயங்காலம் அங்கிருந்து வேப்பூர். தை மாசக் கடைசிப் பனி. ஐந்து மணிக்கு வெள்ளாற்றுப் பாலத்தில் ஆரம்பித்தார்கள். ஆறே முக்கால் வாக்கில் கம்மாபுரத்தில் டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி ஆளுக்கொரு பழம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"டிபனுக்குக் கவலை இல்ல," என்றார் டீச்சர். "விருத்தாசலத்துல ஒருத்தர் போன் பண்ணாரு. செராமிக் யூனிட் வெச்சிருக்காராம். அங்க வந்து சாப்பிட்டுட்டுதான் போவணும்னு ஒரே பிடிவாதம். சரின்னுட்டேன். பேரு என்னமோ... பழமலைநாதன்."

தேவநாதன் சார் உரித்த பழத்தைக் கையில் வைத்தபடி அப்படியே தார் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சார், கால் பிடிச்சிக்கிச்சா?" என்று கார்முகில் ஓடிவந்தார்.

"அவரு என் மச்சான்," என்றார் சார்.

"அப்ப நல்லதாப் போச்சே!"

"நான் கோயம்புத்தூர்ல இருக்கேன் தம்பி."

கார்முகில் சாரைத் தலை முதல் கால் வரை பார்த்தார். எனக்கு மட்டும் விஷயம் தெரியும் என்பதால், நான் வண்டிக் கண்ணாடியை மும்முரமாகத் துடைக்க ஆரம்பித்தேன்.

விஷயம் இதுதான். போன வருஷம் புதுச்சேரியில் ஒரு ஓட்டத்தில் வெயில் தாங்காமல் சார் மயங்கி விழுந்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீடு திரும்பியதும் அவர் மனைவி பூங்கோதை, இனி ஓடுவதில்லை என்று அவரிடம் சத்தியம் வாங்கினார். சார் ஒரு வருஷம் நல்ல பிள்ளையாக இருந்தார். பிறகு இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்கு என்று டீச்சர் பேச்செடுத்ததும் புத்தி போய்விட்டது. டீச்சரிடம் டாக்டர் சர்டிபிகேட் காட்டினார். மனைவியிடம், ஆபீஸில் பதினைந்து நாள் கோயம்புத்தூரில் வகுப்பு வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். பூங்கோதை தன் அண்ணன் பழமலைநாதனின் யூனிட்டில்தான் வேலை பார்க்கிறார். அங்கே செய்கிற பீங்கான் பொம்மைகளுக்குக் கண் வரைவது அவர்தான்.

சார் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்கிட்ட ஏன் சார் சொல்லல?"

"சொன்னா சேத்துக்க மாட்டீங்க."

"சேத்துக்க மாட்டேன்தான்!"

"டவுனு தாண்டுற வரைக்கும் வண்டியில படுத்துக்குறேன் டீச்சர். விட்ட தூரத்தைக் கடைசி நாள் சேத்து ஓடிடறேன்."

"ஒரு அடி கூட வண்டியில போகக் கூடாது. கடல்லேர்ந்து கடல்னா நடுவுல ஓட்டை இருக்கக் கூடாது. மூணு பேரு வர்றோம்னு அவருகிட்ட சொல்லியாச்சு. மூணு பேரும்தான் போறோம். உங்க வூட்டுக்காரம்மா கால்ல விழறதா இருந்தா அங்கேயே விழுங்க."

சார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த பரிதாபம்தான் என்னைக் கெடுத்தது. எனக்கு இப்படியான சமயங்களில் மூளை கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்யும்.

டவுனுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது மூவரையும் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். கடைக்கு வாங்கிப் போட்டதில் பத்துக் கிலோ வெள்ளைக் களிமண் தூள் வண்டியிலேயே கிடந்தது. ஒரு கை எடுத்துத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். சார் முகத்தில், காதில், கழுத்தில் எல்லாம் சுவருக்கு வெள்ளையடிப்பது போல அடித்தேன். கறுப்புக் கண்ணாடி மாட்டி, தலையில் துண்டைக் கட்டி, அதன் மேல் தொப்பியை வைத்தேன்.

"இது வெயிலுக்குப் பூசறது. இவரு வடநாட்டுக்காரரு. தமிழ் தெரியாது. விருத்தாசலத்தைத் தாண்டுற வரைக்கும் நீங்க வாய் திறக்கக் கூடாது சார். சிரிக்கவும் கூடாது, வெடிச்சிடும்."

கார்முகில் ஏற்கெனவே மரத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

எட்டரைக்கு யூனிட் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பழமலைநாதன் கேட்டருகிலேயே போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். அவர் யாரையும் நேராகப் பார்க்கிற ஆளில்லை. எதையும் போன் திரை வழியாகத்தான் பார்ப்பார். அன்றைக்கு அதுவே எங்களுக்கு அனுகூலம்.

"வாங்க வாங்க! இந்தப் பக்கம் பாருங்க... சூப்பர். பாய், இவரு யாரு, மூஞ்சியெல்லாம் வெள்ளையா?" என்று என்னைக் கேட்டார்.

"வடநாடுங்க. இமயமலைப் பக்கம். நம்ம வெயிலு ஒத்துக்கல, மண்ணு பூசியிருக்காரு."

"அப்படியா! நமஸ்தே, நமஸ்தே!" என்று மச்சான் மச்சானைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்.

உள்ளே தகரக் கூரையின் கீழ் வரிசை வரிசையாகப் பொம்மைகள் காய்ந்துகொண்டிருந்தன. யானை, குதிரை, குடத்தோடு பெண்கள். ஓரமாக ஒரு மேஜையில் பூங்கோதை தூரிகையோடு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் அவருடைய அம்மா பெரியம்மாள், விரிசல் விட்ட பொம்மைகளைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பூங்கோதை நிமிர்ந்து எங்கள் நால்வரையும் பார்த்தார். வடநாட்டுக்காரர் மேல் கண் ஒரு நொடி கூடுதலாக நின்றது போல எனக்குத் தோன்றியது. பிறகு தூரிகையைத் தண்ணீரில் போட்டுவிட்டுச் சிரித்த முகமாக எழுந்து வந்தார்.

"வாங்கண்ணே. வீட்டுல மர்ஜானா நல்லா இருக்காங்களா? டீச்சர், வாங்க. கை கழுவிட்டு உக்காருங்க."

சாரை மட்டும் கேட்கவில்லை. அப்பாடா என்று நினைத்தேன். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

அதற்குள் பழமலைநாதனுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. "நம்மகிட்ட பீகார்க்காரரு ஒருத்தரு வேலை பாக்குறாரு. கூப்பிடறேன், இவருக்குப் பேச்சுத் துணையாச்சு!"

நான் தடுப்பதற்குள் அடுப்பருகிலிருந்து ஒரு மனிதர் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். ஊர்க்காரரைப் பார்க்கும் சந்தோஷம் அவர் முகத்தில் அப்படி வழிந்தது. சார் முன்னால் நின்று மளமளவென்று இந்தியில் ஏதோ கேட்டார். சாருக்குத் தெரிந்த இந்தி ஒன்று முதல் பத்து வரை. அதிலும் ஏழு வராது.

"மௌன விரதம்!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பினார்கள். "ஓடி முடிக்கிற வரைக்கும் பேச மாட்டாருங்க. வேண்டுதல்." அதையே தம்மாமில் கற்ற இந்தியில் அந்த மனிதருக்கும் சொன்னேன். அவர் கண் கலங்கிப்போய், சட்டென்று குனிந்து சாரின் ஷூவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். எனக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

இலை போட்டார்கள். இட்லி, வடை, கத்தரிக்காய் கொத்சு. சாருக்கு உலகத்தில் ஆகாத பொருள் ஒன்று உண்டென்றால் அது கத்தரிக்காய். பூங்கோதை வாளியோடு நேராக அவரிடம்தான் வந்தார்.

"பாவம், எங்கேயோ பொறந்தவரு. நம்மூரு கொத்சு இவருக்கு எங்க கெடைக்கப் போவுது?" ஒரு கரண்டி. "கூச்சப்படறாரு போல." இன்னொரு கரண்டி. மூன்றாவது கரண்டி இட்லியையே மூடிவிட்டது. மறுக்க வாய் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார் சார். கார்முகில் புரையேறி, வடையோடு வெளியே ஓடிவிட்டார்.

பெரியம்மாள் எதிரே வந்து உட்கார்ந்து சாரையே பார்த்தார். அந்தம்மாவுக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கல். வாயில் ஒரு குறையும் இல்லை.

"பாவம், எவ்ளோ தூரத்துலேர்ந்து வந்து ஓடுது பாரு. எங்க மாப்பிள்ளையும் ஓடுனாரு ஒரு காலத்துல. ஓட்டமா அது? வாத்து வரப்புல போற மாதிரி இருக்கும். புதுச்சேரியில போயி விழுந்து எந்திரிச்சதோட சரி, இப்ப வூடு உண்டு, ஆபீசு உண்டுன்னு கெடக்குறாரு."

சாரின் வலது கன்னத்துக் களிமண்ணில் ஒரு கோடு விட்டது.

"ஆனா நல்ல மனுசன்," என்று அந்தம்மாவே தொடர்ந்தார். "எனக்குக் கண்ணு ஆப்பரேசன் பண்ணப்போ என் மவன் போட்டா புடிச்சிக்கிட்டு நின்னான். மருந்து ஊத்துனது மாப்பிள்ளைதான். இவருகிட்ட சொல்லி என்ன, ஒண்ணும் புரியாது."

நெற்றியில் இன்னொரு கோடு. நான் அவர் தொடையைக் கிள்ளினேன்.

"அம்மா சொன்னதும் அவரு ஞாபகம் வந்துடுச்சு," என்றார் பூங்கோதை. "கோயம்புத்தூர்ல சாப்பிட்டாரோ என்னமோ. ஒரு போன் போட்டுக் கேக்குறேன்."

மூன்று பேருடைய போனும் என் சட்டைப் பையில்தான் இருக்கும். ஓடுகிறவர்களுக்குக் கனம் ஆகாது என்று. மனைவி கூப்பிட்டால் சேவல் கூவும்படி சார் வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. காலை ஒன்பது மணிக்கு, என் நெஞ்சுக்குள்ளிருந்து, ஒரு சேவல் கொக்கரக்கோ என்று கூவியது.

நான் பையை அமுக்கினேன். நின்றது. மறுபடி கூவியது.

"எடுத்துப் பேசுங்கண்ணே," என்றார் பூங்கோதை, போனைக் காதில் வைத்தபடி, என்னிடமிருந்து நாலடி தூரத்தில் நின்று. "முக்கியமான விஷயமா இருக்கப் போவுது."

எடுத்தேன். வேறென்ன செய்வது?

"ஹலோ," என்றேன்.

"ஹலோ. தேவநாதன் இருக்காருங்களா? நான் அவரு சம்சாரம் பேசறேன்." அவர் குரல் ஒரு காதில் நேராகவும், மறு காதில் போன் வழியாகவும் வந்தது.

"சாரு... வகுப்புல இருக்காருங்க."

"அப்படிங்களா. வகுப்பு எப்படிப் போவுது?"

"நல்லாப் போவுதுங்க. இன்னிக்கு இருபத்தஞ்சு கிலோ... இருபத்தஞ்சு பக்கம் முடிச்சிட்டாருங்க."

"அவ்ளோவா? வயசான ஆளு, மெதுவாப் படிக்கச் சொல்லுங்க. மத்தியான வெயில்ல படிக்க வேணாம்னு சொல்லுங்க."

"சொல்றேங்க."

"சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாருங்க. கத்தரிக்காய் கொத்சு."

"அடடே, அவருக்கு உசுராச்சே. வெச்சிடறேன்."

போனை இடுப்பில் செருகிக்கொண்டார். பழமலைநாதன் இதையெல்லாம் படம் பிடித்துக்கொண்டிருந்தாரே தவிர, ஒன்றும் விளங்கியதாகத் தெரியவில்லை. பெரியம்மாள் மட்டும் என்னையும் மகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

பூங்கோதை ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து சார் எதிரே தரையில் உட்கார்ந்தார். அதுவரை இருந்த சிரிப்பு முகத்தில் இல்லை. குரலைத் தணித்து, இந்தப் பக்கம் இருந்த எனக்கும் டீச்சருக்கும் மட்டும் கேட்கும்படி பேசினார்.

"உங்களுக்குத் தமிழ் தெரியாதுன்னாங்க. பரவால்ல, கேளுங்க. நான் தெனமும் நூறு மண்ணு மூஞ்சியைப் பாக்குறவ. எந்த மூஞ்சிக்குக் கண்ணு எங்க இருக்கும்னு தெரியும். வாசல்ல வரும்போதே தெரிஞ்சிடுச்சு." சார் அசையவில்லை. "போன வருசம் ஆஸ்பத்திரி வராண்டாவுல ரெண்டு நாளு ஒத்த ஷூவை மடியில வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். இன்னொண்ணு எங்க விழுந்துச்சுன்னு யாருக்கும் தெரியல. அந்த ஷூவுக்காகத்தான் அழுதேன். ஆளுக்காக அழுதா எதுனா ஆயிடுமோன்னு பயமா இருந்துச்சு. ஓடாதேன்னுதான் கேட்டேன். பொய் சொல்லுன்னு கேட்டனா?"

கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே களிமண் நனைந்து, இரண்டு பக்கமும் வழி பிரிந்து இறங்கியது.

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?" என்றார் சார்.

"விட்டிருக்க மாட்டேன்."

"அய்யய்யோ!" என்று பெரியம்மாள் எழுந்தே விட்டார். "தமிழ் பேசுதுடா பழமலை! விரதம் போச்சே!"

அதன் பிறகு நடந்தது பெரிய அமளி. பூங்கோதை கண்ணாடியைக் கழற்றினார், ஈரத் துண்டால் ஒரே தேய்ப்பில் முகத்தைத் துடைத்தார். மண்ணுக்குள்ளிருந்து மாப்பிள்ளை வெளியே வந்தார். பழமலைநாதன் போனைக் கீழே இறக்கி, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மனிதரை வெறும் கண்ணால் பார்த்தார். "மச்சான்! நான் உங்களோட எடுத்த போட்டோவை 'இமயமலை வீரர்'னு ஊரு பூரா அனுப்பிட்டேனே!" பீகார்க்காரர் மட்டும் ஒன்றும் புரியாமல், விரதம் கலைந்ததற்காக வருந்தி நின்றார். பெரியம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டார். "வாத்துன்னது வெளையாட்டுக்கு மாப்பிள்ளை," என்றார். "மீதியெல்லாம் நெசம்."

நாங்கள் பேசாமல் நழுவிவிடலாம் என்று டீச்சர் கண்ணைக் காட்டினார். அதற்குள் பூங்கோதை என் பக்கம் திரும்பிவிட்டார்.

"மண்ணு யாரு பூசுனது?"

நான் கார்முகிலைப் பார்த்தேன். கார்முகில் என்னைக் காட்டினார். டீச்சரும் என்னைத்தான் காட்டினார்.

"காது பின்னாடி பூசல. அங்க மச்சம் இருக்குது," என்றார் பூங்கோதை. "அடுத்த தடவை ஒழுங்கா செய்யுங்கண்ணே." பிறகு டீச்சரிடம், "இவரு ஓடலாமா, கூடாதா? நீங்க சொல்லுங்க," என்றார்.

டீச்சர் ஒன்றையும் மறைக்கவில்லை. டாக்டர் சர்டிபிகேட்டைக் காட்டினார். போன வருஷம் விழுந்தது தண்ணீர் குடிக்காமல் அடுத்தவனை முந்தப் போனதால்தான் என்றார். இங்கே முந்துகிற பேச்சே இல்லை, ஆனால் இவ்வளவு பெரிய பொய் சொன்னவரை நம்பி மேற்கொண்டு கூட்டிப்போகத் தனக்குப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னார். சார் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பூங்கோதை ஒரு குதிரைப் பொம்மையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வைத்தார்.

"வேப்பூர் வரைக்கும் நானும் வரேன்," என்றார் கடைசியில். "பாத்துட்டு முடிவு பண்றேன்."

அம்மாவின் பிரஷர் மெஷினை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் மூன்றரைக்கு என் பக்கத்துச் சீட்டில் ஏறினார். அதிலிருந்து நான் டிரைவர், அவர் அதிகாரி. இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தடவை வண்டியை ஓரம் கட்டச் சொல்லுவார், இறங்கி நடுரோட்டில் கையைக் காட்டுவார். சார் வந்து முழங்கையை நீட்டுவார். மெஷின் ஊதி இறங்குகிறவரை லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போவார்கள். டீச்சரும் கார்முகிலும் முன்னால் போய்விட்டார்கள். சார் மட்டும் முந்த முயற்சி பண்ணவில்லை. ஆறாவது நிறுத்தத்தில் யாரும் கேட்காமலேயே இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துக் காட்டினார். "நடிக்காதீங்க," என்றார் பூங்கோதை. ஆனால் அதற்கடுத்த நிறுத்தம் நாலு கிலோமீட்டர் தள்ளித்தான் வந்தது.

வண்டியில் ஒரு தடவை, "ஓடும்போது இவரு சந்தோசமா இருக்காராண்ணே?" என்று கேட்டார்.

"நேத்து பரங்கிப்பேட்டையில அலையில நின்னு குழந்தை மாதிரி குதிச்சாருங்க," என்றேன். அது உண்மை. நான் அன்றைக்குச் சொன்னவற்றில் முதல் உண்மை அதுதான்.

இருட்டத் தொடங்கும்போது வேப்பூர் கூட்டுரோட்டை அடைந்தோம். ஹைவே ஓரத்துக் கடையில் பரோட்டாக் கல்லில் டக டகவென்று கொத்து விழுந்துகொண்டிருந்தது. சார் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. பூங்கோதை அதைப் பார்த்தார், திட்டினார், எண்ணெய் வாங்கி வந்து தடவினார், மறுபடி திட்டினார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, விருத்தாசலம் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் நின்றார். நான் துணைக்கு நின்றேன்.

ஒரு பஸ் வந்தது. அவர் கையைத் தூக்கினார். திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார். சார் இவரைப் பார்க்காதது போல டீ குடித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் "ஏறும்மா" என்றார். இவர் கையைத் தலைக்குக் கொண்டுபோய் முடியை ஒதுக்கிக்கொண்டார். பஸ் போய்விட்டது. அடுத்ததில் கூட்டம் என்றார். அதில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். மூன்றாவது வந்தபோது அவர் கையையே தூக்கவில்லை.

"காலையில எத்தினி மணிக்குக் கெளம்புறீங்க?" என்று கேட்டார்.

"அஞ்சு மணிக்குங்க."

"அந்தத் தண்ணி கேனையெல்லாம் பின்னாடி தள்ளி வையுங்கண்ணே," என்றார் பூங்கோதை. "காலு நீட்ட எடமே இல்ல."